ஸ்பீடா போனதா நோட்டீசு வந்திருக்கா? முதல்ல தேதியை பாருங்க!

'எப்பவோ கார்ல வேகமா போனதுக்கு இப்ப கேசா?' என்று புலம்புபவரா நீங்கள்? அதிவேக வழக்குக்கும் சட்டத்தில் காலக்கெடு உண்டு.

மோட்டார் வாகன சட்டம் 209-வது பிரிவுப்படி, பிடிபட்ட இடத்திலேயே 'வழக்கு வரலாம்' என்று எச்சரித்திருக்க வேண்டும். இல்லையென்றால் 14 நாளுக்குள் ஓட்டியவருக்கோ, வாகன உரிமையாளருக்கோ நோட்டீசு கொடுக்க வேண்டும் அல்லது பதிவு தபாலில் அனுப்ப வேண்டும். அதுவும் இல்லையென்றால் 28 நாளுக்குள் சம்மன் சேர வேண்டும். மூன்றில் ஒன்றுகூட நடக்கவில்லை என்றால் கோர்ட்டு தண்டிக்க முடியாது.

இன்னொரு கெடு 6 மாதம். காரில் அதிவேகம் என்றால் தண்டனை ரூ.1,000 முதல் ரூ.2,000 வரை அபராதம்தான்; ஜெயில் கிடையாது. அபராதம் மட்டுமே உள்ள குற்றத்துக்கு 6 மாதத்துக்குள் புகார் தாக்கலாக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறை சட்டத்தில் இருந்த இந்த விதி, 1.7.2024 முதல் அமலான புதிய சட்டத்தில் 514-வது பிரிவாக தொடர்கிறது.

ஆனா ஒண்ணு. நோட்டீசு தாமதமானதற்கு நீங்களே காரணம் என்றால் 209-வது பிரிவு கைகொடுக்காது. தகுந்த காரணம் இருந்தால் 6 மாத கெடுவையும் கோர்ட்டு தளர்த்தலாம். எனவே நோட்டீசை கிழிச்சு போடாதீங்க. தபால் கவரையும் பத்திரமா வையுங்க. அதில் உள்ள தேதிதான் உங்க சாட்சி!