கண் சொருகிய நிலையில் 10 லட்சம் டாலர் ஜெயித்த சீட்டாட்ட மன்னன்

இரவு முழுவதும் தூக்கமில்லை. கன்னம் ஒட்டி, கண் சொருகி, நாற்காலியில் நிமிர்ந்து உட்காரக்கூட தெம்பு இல்லாமல் ஒருவர் சீட்டாட்டப் போட்டிக்கு வந்தார். 4-வது நாள் 10 லட்சம் டாலர் பரிசை அள்ளினார்.

அடுத்த ஆண்டு அதே போட்டி. அதே ஆள். அவருக்காகப் பணம் கட்டவும் நண்பர் தயார். ஆட்டம் தொடங்க 10 நிமிடம் இருக்கும்போது, களைப்பாக இருக்கிறது, ஆடவில்லை என்று சொல்லிவிட்டார். அதன்பிறகு ஆறே மாதத்தில் ஒரு மலிவான விடுதி அறையில் பிணமாகக் கிடந்தார்.

அமெரிக்காவின் சூதாட்ட நகரமான லாஸ்வேகாசை ஒரு காலத்தில் கலக்கிய ஸ்டூ அங்கரின் கதை இது. விவரம் வருமாறு:-

பள்ளிக்கு முழுக்கு

ஸ்டூ அங்கர் 1953-ம் ஆண்டு செப்டம்பர் 8-ந்தேதி நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தை மதுக்கடை நடத்தியவர். கூடவே பந்தயப் பணம் வாங்கும் 'புக்கி' தொழிலும் உண்டு. வீட்டில் பாடப்புத்தகத்தைவிட சீட்டுக்கட்டுதான் சுலபமாகக் கைக்கு எட்டியது என்றால் ஆச்சரியமில்லை.

1967-ல் தந்தை மாரடைப்பில் இறந்தார். பையனுக்கு அப்போது வயது 13. தாயாரோ பக்கவாதம் வந்து படுத்துவிட்டார். தாயையும் தங்கை, அக்காள் என்று பாராமல் உடன்பிறந்தவளையும் காப்பாற்ற வேண்டிய நிலை. பள்ளிக்கூடத்தை பாதியில் விட்டுவிட்டு சீட்டு ஆடக் கிளம்பினார்.

அவர் ஆடியது 'ஜின் ரம்மி'. நம் ஊர் ரம்மிக்கு இது ஒன்றுவிட்ட தம்பி. இங்கே ஆளுக்கு 13 சீட்டு, அங்கே 10. எடுப்பது, போடுவது, செட் சேர்ப்பது எல்லாம் ஒன்றுதான். ஆனால் ஆடுபவர்கள் இரண்டே பேர்.

மின்சார ரெயிலில் மடியில் பெட்டியை வைத்து, துண்டை விரித்து ஆடுகிறவர்களுக்குத் தெரியும். எதிராளி எதைக் கீழே போடுகிறான், எதை எடுக்கிறான் என்று பார்த்தே அவன் கையில் இருப்பதை ஓரளவு சொல்லிவிடலாம். அங்கர் ஓரளவு அல்ல, சீட்டுக்குச் சீட்டு சொல்வார். கீழே விழுந்த எந்தச் சீட்டும் அவருக்கு மறக்காது.

இதனால் வந்தது வம்பு. "அவன்கூட உட்கார்ந்தா காசு போச்சு" என்று ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். நியூயார்க்கில் ஆட ஆள் கிடைக்கவில்லை. மியாமிக்குப் போனார். பிறகு லாஸ்வேகாஸ். அங்கும் அதே கதைதான். இவர் வந்தால் நாங்கள் வரமாட்டோம் என்று மற்றவர்கள் சொன்னதால், ஜின் ரம்மி போட்டிக்கு வரவேண்டாம் என்று விடுதிக்காரர்களே அவரைக் கேட்டுக்கொண்டார்கள்!

ஜெயித்து ஜெயித்தே பிழைப்பு கெட்டவர் இவராகத்தான் இருப்பார்.

அடுத்தடுத்து 2 பட்டம்

வேறு வழியில்லாமல் 'போக்கர்' ஆட்டத்துக்கு மாறினார். இதில் ஆளுக்கு 2 சீட்டு மூடிய நிலையில் கொடுப்பார்கள். மேஜை நடுவில் 5 சீட்டு ஒவ்வொரு கட்டமாகத் திறக்கப்படும். இந்த ஏழில் சிறந்த 5 சீட்டு யாருக்கோ அவருக்கே பணம். நடுவில் ஏற்றிக்கொண்டே போகலாம். கையில் குப்பை இருந்தாலும், ராஜாவும் ராணியும் இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு பணத்தைத் தள்ளினால், எதிராளி பயந்து சீட்டைப் போட்டுவிடுவான். அதுதான் இந்த ஆட்டத்தின் சூட்சுமம்.

லாஸ்வேகாசில் பினியன்ஸ் ஹார்ஸ்ஷூ என்ற விடுதியில் ஆண்டுதோறும் உலக போக்கர் போட்டி நடந்து வந்தது. நுழைவுக் கட்டணம் 10 ஆயிரம் டாலர். அந்த மதிப்புக்கு எல்லோருக்கும் ஒரே அளவு வில்லைகள் தருவார்கள். அது தீர்ந்தால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

1980-ல் 73 பேர் மோதினார்கள். 26 வயது அங்கரும் அதில் ஒருவர். ஒல்லி உடம்பு, சிறுபிள்ளை முகம். 'பொடியன்' என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பொடியன் கடைசியில், ஏற்கனவே 2 முறை பட்டம் வென்ற டாயில் பிரன்சனையே மடக்கி 3 லட்சத்து 65 ஆயிரம் டாலர் ஜெயித்தான். 1981-ல் மறுபடியும் அவருக்கே பட்டம். பரிசு 3 லட்சத்து 75 ஆயிரம் டாலர்.

விழித்திருக்க ஒரு பொடி

போக்கர் மேஜையில் பொழுது போவதே தெரியாது. இரவு உட்கார்ந்தவன் மறுநாள் மதியம் எழுந்திருப்பான். சில சமயம் அதுவும் இல்லை. இந்த ஆட்டத்தில் பெரும்பாலான கைகளைத் தொடாமல் போட்டுவிட்டு, நல்ல சீட்டு வரும்வரை சும்மா காத்திருக்கவேண்டும். களைத்தவனால் அது முடியாது. "ஒரு கை பார்த்துடலாம்" என்று மோசமான சீட்டோடு உள்ளே போவான். எதிரே தூங்கி எழுந்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு வந்தவன் உட்கார்ந்திருப்பான்.

தூக்கத்தை விரட்ட கூட ஆடியவர்கள் ஒரு வழி சொன்னார்கள். 'கொக்கைன்'. மூக்கில் உறிஞ்சும் போதைப்பொடி. தாயார் இறந்த 1979-ம் ஆண்டு வாக்கில் அங்கர் அதைத் தொட்டார். முதலில் விழித்திருப்பதற்காகத்தான். பிறகு அது இல்லாமல் இருக்க முடியவில்லை.

சீட்டில் வந்த பணம் குதிரைப் பந்தயத்திலும் விளையாட்டுப் பந்தயங்களிலும் போனது. சீட்டில் புலி, குதிரையில் சாதாரண ஆள். ஆனால் சீட்டில் காட்டிய நிதானத்தில் ஒரு துளிகூட குதிரையிடம் காட்டவில்லை.

1982-ல் சூதாட்ட விடுதி ஒன்றில் விதிமீறி ஆடியதாக நியூஜெர்சி மாநிலத்தில் அவருக்கு அபராதம் விதித்தார்கள். வழக்காடி ஜெயித்தார். ஆனால் கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்த அலைச்சலில், அந்த ஆண்டு உலகப் போட்டியில் ஆட உடம்பிலும் மனதிலும் தெம்பில்லாமல் போனது என்று பின்னாளில் சொன்னார்.

அதே ஆண்டு திருமணம் நடந்தது. ஒரு மகள் பிறந்தாள். 1986-ல் விவாகரத்து. மனைவியின் முந்தைய திருமணத்தில் பிறந்த பையனையும் தன் பிள்ளையாகவே நினைத்தவர் அங்கர். 1989-ல் அந்தப் பையன் தற்கொலை செய்துகொண்டான். அந்த அடியிலிருந்து அவர் எழவே இல்லை.

ஆள் இல்லை, பரிசு உண்டு

1990-ம் ஆண்டு போட்டியில் ஒரு விசித்திரம் நடந்தது.

முதல் 2 நாளில் அங்கர் வில்லைகளை மலைபோல் குவித்துவிட்டார். 3-வது நாள் நாற்காலி காலி. போய்ப் பார்த்தால், விடுதி அறையில் அளவுக்கு மீறிய போதையில் தரையில் மயங்கிக் கிடந்தார்.

ஆள் இல்லாவிட்டாலும் சுற்றுக்குச் சுற்று கட்டாயப் பணம் கட்டியாகவேண்டும் என்பது விதி. சீட்டு போடுபவர் அவருடைய குவியலில் இருந்து எடுத்துக்கொண்டே இருந்தார். மலை கரைந்தது. ஆனாலும் அது கரைந்து முடிவதற்குள் மற்றவர்கள் பலர் தோற்று வெளியேறிவிட்டார்கள். மயங்கிக் கிடந்த மனிதருக்கு 9-வது இடம்! பரிசு 25 ஆயிரத்து 50 டாலர்.

ஆளே வராமல் 9-வது இடம் என்றால், வந்திருந்தால்? லாஸ்வேகாசில் இதைக் கேட்காதவர் இல்லை.

கடைசி நிமிட மனு

அடுத்த சில ஆண்டுகள் கடனும் போதையுமாக ஓடின. பற்கள் போயின. கொக்கைன் தின்று மூக்குத் துவாரங்கள் உள்வாங்கிவிட்டன.

1997 மே மாதம். போட்டிக்குப் பணம் புரட்ட ஒரு நாளுக்கும் மேலாகத் தூங்காமல் அலைந்தார் அங்கர். கடைசி நேரத்தில் பில்லி பாக்ஸ்டர் என்ற ஆட்டக்காரர் 10 ஆயிரம் டாலர் கட்ட சம்மதித்தார். ஜெயித்தால் பாதி அவருக்கு. பெயர்ப் பதிவு முடியப்போகும் நேரத்தில் ஓடிவந்து பெயர் கொடுத்தார்.

மொத்தம் 312 பேர். முதல் நாள் ஆட்டத்தின் நடுவிலேயே அங்கருக்குத் தலை தொங்கியது. மேஜையிலேயே தூங்கி விழுந்தார். அதே போட்டியில் ஆடிக்கொண்டிருந்த நண்பர் மைக் செக்ஸ்டனிடம், என்னால் முடியாது என்று சொல்லியும் விட்டார்.

செக்ஸ்டன் தட்டிக்கொடுத்தார். பணம் கட்டிய பாக்ஸ்டரோ காது கிழியத் திட்டினார். 10 ஆயிரம் டாலர் போட்டவருக்குத்தானே வலி! எந்த மருந்து வேலை செய்ததோ, அங்கர் தட்டுத்தடுமாறி அன்றைய ஆட்டத்தை முடித்தார். வில்லைகளும் கையில் மிச்சமிருந்தன.

அன்று இரவு அவர் செய்த காரியம்தான் முக்கியம். தூங்கினார்!

அடுத்த நாட்களில் தெளிந்த முகத்தோடு வந்து உட்கார்ந்தார். கூடவே மகளின் போட்டோ. இடைவேளையில் மகளுக்குப் போன் போட்டு, இன்று எவ்வளவு சேர்ந்தது என்று சொல்வார். மூக்கு தெரியாமல் இருக்க வட்ட வடிவில் நீலக் கண்ணாடி மாட்டிக்கொண்டார்.

நடுத்தெருவில் இறுதி ஆட்டம்

இறுதி ஆட்டத்தை அந்த ஆண்டு விடுதிக்கு வெளியே, பிரீமான்ட் தெருவிலேயே நடத்தினார்கள். சுற்றிலும் கூட்டம். டெலிவிஷன் கேமராக்கள்.

ரான் ஸ்டான்லி என்பவருடன் ஒரு கை. ஸ்டான்லியிடம் 9 ஜோடி. அங்கரிடம் ஒன்றுமே இல்லை. சுத்தக் குப்பை. ஆனால் அங்கர் கண் இமைக்காமல் பெரிய தொகையைத் தள்ளினார். ஸ்டான்லி யோசித்து யோசித்து, ஜெயிக்கிற சீட்டைக் கீழே போட்டார். அங்கர் தன் குப்பையைத் திருப்பிக் காட்டினார். ஸ்டான்லி அதன்பிறகு தேறவில்லை.

கடைசியில் மிஞ்சியவர் ஜான் ஸ்டிரெம்ப் என்ற சூதாட்ட விடுதி அதிகாரி. இருவரிடமும் ஆளுக்கு ஒரு ஏஸ். ஸ்டிரெம்பின் இன்னொரு சீட்டு 8. அங்கருடையது 4. நடுவில் ஏஸ், 5, 3 என்று மூன்று சீட்டு விழுந்தது. இருவரும் எல்லாவற்றையும் தள்ளிவிட்டார்கள். 4-வது சீட்டு இன்னொரு 3. அந்த நிமிடம் வரை ஸ்டிரெம்புக்குத்தான் ஜெயம்.

கடைசிச் சீட்டைத் திருப்பினார்கள். 2!

ஏஸ், 2, 3, 4, 5. ஐந்தும் வரிசையாகச் சேர்ந்துவிட்டது. 16 ஆண்டுக்குப் பிறகு மூன்றாவது பட்டம். அங்கர் மகளின் போட்டோவை கேமரா முன் எடுத்துக் காட்டினார். சீட்டாட்டத்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை, என்னை ஜெயித்தது என் கெட்ட பழக்கங்கள்தான் என்று அந்தப் பேட்டியில் சொன்னார்.

10 நிமிடத்துக்கு முன்

10 லட்சத்தில் பாதி பாக்ஸ்டருக்குப் போனது. மீதியை சில மாதங்களில் போதையும் பந்தயமும் விழுங்கின.

1998 போட்டிக்கும் பாக்ஸ்டர் பணம் கட்ட வந்தார். நடப்பு சாம்பியனைப் பார்க்க எல்லோரும் காத்திருந்தார்கள். 10 நிமிடம் இருக்கும்போதுதான் அங்கர், வரவில்லை என்றார். இந்தக் கோலத்தில் போய் நிற்பது போகாமல் இருப்பதைவிட அவமானம் என்பது அவர் பின்னர் சொன்ன காரணம். உடம்பு சொன்னதை முன்பே கேட்டிருக்கலாம், போதை கேட்கவிடவில்லை.

1998 நவம்பர் 22-ந்தேதி லாஸ்வேகாசில் ஒயாசிஸ் மோட்டல் என்ற விடுதியில் கட்டிலில் பிணமாகக் கிடந்தார். வயது 45. பல ஆண்டு போதையால் இதயம் கெட்டுவிட்டது என்று பிரேத பரிசோதனை அதிகாரிகள் தெரிவித்தார்கள். உயிரைக் குடிக்கும் அளவுக்கு அன்று உடம்பில் போதைமருந்து இல்லை.

கையில் இருந்தது சுமார் 800 டாலர். அடக்கச் செலவுக்கு, இறுதிச்சடங்குக்கு வந்த சீட்டாட்டக்காரர்களிடம் பாப் ஸ்டூபாக் என்ற நண்பர் வசூல் செய்தார்.