திங்கட்கிழமை எந்த வினைக்கு?

அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ் தன் நிருபர்களுக்காக வைத்திருக்கும் நடைக் கையேட்டில் 'தட்' என்ற நாலெழுத்துச் சொல்லுக்குத் தனிக் குறிப்பே உண்டு. 'செட்' என்ற வினைக்குப் பின்னால் வரும் 'தட்'டைப் பெரும்பாலும் விட்டுவிடலாம். ஆனால் நடுவில் நாளோ கிழமையோ புகுந்துவிட்டால் அதைப் போட்டே தீர வேண்டும் என்கிறது அந்தக் குறிப்பு. ஒரு வார்த்தை குறைந்தால்கூட லாபம் என்று கணக்குப் பார்க்கும் தொழிலில் ஒன்றைக் கூடுதலாகப் போடச் சொல்கிறார்கள் என்றால் சும்மா சொல்லமாட்டார்கள்.

'த மினிஸ்டர் செட் மண்டே ஹி வுட் ரிசைன்' என்று ஒரு செய்தி வந்ததாக வைத்துக்கொள்வோம். கிழமைக்கு முன்னால் 'ஆன்' போடாமல் எழுதுவது அங்கத்திய பத்திரிகை வழக்கம். அமைச்சர் சொன்னது திங்கட்கிழமையா, பதவி விலகப்போவது திங்கட்கிழமையா? முதலாவது என்றால் செய்தி பழசு. இரண்டாவது என்றால் புகைப்படக்காரர் அன்று காலை அவர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். 'செட் மண்டே தட் ஹி வுட் ரிசைன்' என்று எழுதிவிட்டால் கிழமை 'சொன்னார்' பக்கம் போய்விடும். 'செட் தட் ஆன் மண்டே ஹி வுட் ரிசைன்' என்றால் 'விலகுவார்' பக்கம். இரண்டு வயலுக்கு நடுவில் கிடக்கும் வரப்புதான் இந்த 'தட்'. கிழமை எந்தப் பக்கம் முளைத்ததோ அந்த வயல்காரனுக்குச் சொந்தம்.

இரண்டாவது வாக்கியத்தில் அந்த 'ஆன்' சும்மா வரவில்லை. அதை எடுத்துவிட்டால் 'தட் மண்டே' என்று ஒட்டிக்கொண்டு, 'அந்தத் திங்கட்கிழமை' என்று அர்த்தமாகிவிடும். இணைப்புச் சொல்லான 'தட்'டும் சுட்டுச் சொல்லான 'தட்'டும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சுட்டிலிருந்து கிளைத்தவை. பங்காளிச் சண்டை இன்னும் ஓயவில்லை.

ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு இது பணம் சம்பந்தப்பட்ட விஷயம். 'த டெனன்ட் அக்ரீட் இன் ரைட்டிங் தட் ஹி வுட் பே த ரென்ட்' என்றால், வாடகை தருவதாகக் குடித்தனக்காரர் எழுத்துமூலம் ஒப்புக்கொண்டார் என்று பொருள். அந்த 'இன் ரைட்டிங்'கைக் கொண்டுபோய்க் கடைசியில் போட்டால், வாடகையையே எழுத்தில்தான் கட்டுவார் போலிருக்கிறது!

எப்போது, எப்படி, எங்கே என்று சொல்லும் வினையடைகளைக் கடைசியில் போடும் பழக்கம் நம் பள்ளிக்கூடத்தில் ஏறியது. முதலில் செயலின் விதம், பிறகு இடம், கடைசியில் காலம் என்று வாத்தியார் சொல்லிக்கொடுத்த வரிசை ஒரே வினை உள்ள வாக்கியத்துக்குப் பொருத்தமாகத்தான் இருக்கும். 'தட்' வந்து இரண்டாவது வினையைக் கூட்டிவந்ததும் அந்தப் பாடம் காலை வாரிவிடுகிறது. 'ரவி செட் தட் மாலா லெஃப்ட் யெஸ்டர்டே' என்பதில் நேற்று நடந்தது ரவியின் பேச்சா, மாலாவின் பயணமா? இலக்கணப்படி இரண்டும் சரி. ஆனால் படிக்கிறவர் மனம் பக்கத்தில் இருக்கும் வினையைத்தான் பிடித்துக்கொள்ளும்.

இந்தச் சாய்வை மொழியியலாளர் ஜான் கிம்பல் 1973-இல் ஒரு கொள்கையாகவே எழுதிவைத்தார். புதிதாக வரும் சொல்லை, திறந்திருக்கும் தொடர்களில் ஆகக் கடைசியானதோடு சேர்ப்பது வாசகர் இயல்பு என்பது அதன் சாரம். இதற்கு ஒரு சோதனை உண்டு. 'ரவி செட் மாலா வில் லீவ் யெஸ்டர்டே' என்று எழுதிப் பாருங்கள். இனிமேல் கிளம்பப்போகிறவள் நேற்றுக் கிளம்ப முடியாது. ஆகவே 'யெஸ்டர்டே' ரவியின் பேச்சோடு மட்டும்தான் சேரும். தர்க்கம் இவ்வளவு தெளிவாக இருந்தும் ஆங்கிலக்காரர் அந்த இடத்தில் ஒரு கணம் தடுக்கி விழுந்துதான் எழுந்திருக்கிறார்.

கேள்வி வாக்கியத்தில் விஷயம் இன்னும் சுவையானது. ஜில் டி வில்லியர்ஸும் தாமஸ் ரோப்பரும் சக ஆய்வாளர்களோடு 1990-இல் வெளியிட்ட ஆய்வில், சின்னக் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் பகலில் மரத்திலிருந்து விழுகிறான். ராத்திரி குளிக்கும்போது காயத்தைப் பார்த்து, பகலில் விழுந்தபோது பட்டிருக்கும் என்று அப்பாவிடம் சொல்கிறான். கதை முடிந்ததும் கேள்வி: 'வென் டிட் த பாய் சே ஹி ஹர்ட் ஹிம்செல்ஃப்?' மறைந்து நிற்கும் 'தட்'டுக்கு இரண்டு பக்கமும் 'வென்' கை நீட்டுகிறது. குளிக்கும்போது என்றும் சொல்லலாம், மரத்திலிருந்து விழுந்தபோது என்றும் சொல்லலாம். குழந்தைகள் இரண்டு விதமாகவும் சொன்னார்கள். அதே கேள்வியை 'சே ஹவ் ஹி ஹர்ட் ஹிம்செல்ஃப்' என்று மாற்றியதும், விழுந்தபோது என்ற பதில் வெகுவாகக் குறைந்துபோனது. நடுவில் 'ஹவ்' உட்கார்ந்துவிட்டால் 'வென்' அதைத் தாண்டி உள்ளே போகாது. யாரும் அவர்களுக்கு இந்த விதியைச் சொல்லிக்கொடுத்திருக்கமாட்டார்கள். சொல்லிக்கொடுக்கப் பெற்றோருக்கே தெரியாது.

இதுவரை வினையடைக்கு 'தட்' எல்லை வகுத்தது. உடைந்த வாக்கியத்தை வினையடை வந்து நிமிர்த்துவதும் உண்டு. 'ஹூ டு யு திங்க் கேம்?' என்பது நல்ல ஆங்கிலம். 'ஹூ டு யு திங்க் தட் கேம்?' என்றால் பெரும்பாலோர் முகம் சுளிப்பார்கள். 'தட்'டை ஒட்டி எழுவாய் இருக்க வேண்டிய இடம் காலியாகக் கிடக்கிறது, ஆங்கிலம் அதைப் பொறுப்பதில்லை. செயப்படுபொருளைக் கேட்டால் இந்தத் தொல்லை இல்லை. 'ஹூ டு யு திங்க் தட் ஷி மெட்?' என்பதை யாரும் திருத்தமாட்டார்கள். மொழியியலாளர் டேவிட் பெர்ல்மட்டர் 1960-களின் இறுதியில் இதைக் கவனித்து எழுதியது முதல் மொழியியல் வகுப்புகளில் இது தீராத விவாதம். எழுவாயைச் சொல்லாமலே பேசப் பழகிய ஸ்பானிஷில் இப்படியொரு தடையே கிடையாது.

இப்போது ஒரு வாக்கியம்: 'திஸ் இஸ் த மேன் ஹூ தே சே தட் வாஸ் த மேயர்.' இது முறிந்த வாக்கியம். 'தட்'டுக்கும் 'வாஸ்'ஸுக்கும் நடுவில் 'அண்டில் லாஸ்ட் இயர்' என்பதைச் செருகுங்கள்: 'திஸ் இஸ் த மேன் ஹூ தே சே தட் அண்டில் லாஸ்ட் இயர் வாஸ் த மேயர்.' கொஞ்சம் நீளம்தான். ஆனால் காதில் உறுத்தல் போய்விட்டது. அதே சொற்களை வாக்கியத்தின் கடைசியில் போட்டால் பலன் இல்லை, பழைய முறிவு அப்படியே இருக்கும். நடுவில் வந்தால்தான் மருந்து வேலை செய்யும்.

ஜோன் பிரெஸ்னன் 1977-இல் இதைத் தொட்டுக்காட்டினார். பீட்டர் குலிகோவர் 1993-இல் விரிவாக எழுதிய பிறகு 'வினையடை விளைவு' என்ற பெயரே நிலைத்துவிட்டது. காலி இடத்தை இலக்கணம்தான் தடுக்கிறது என்று அதுவரை கட்டிய விதிகளுக்கு இது பெரிய சங்கடம், ஏனென்றால் வினையடை வந்தபின்பும் எழுவாயின் இடம் காலியாகவே இருக்கிறது. ஆகவே ஒரு சாரார் கோளாறு இலக்கணத்தில் இல்லை, ஓசையில் இருக்கிறது என்றார்கள். அழுத்தமில்லாத 'தட்' வெற்றிடத்தோடு உரசும்போது பேச்சின் தாளம் கெடுகிறது, இடையில் நாலு சொல் வந்தால் தாளம் திரும்பிவிடுகிறது என்பது அவர்கள் வாதம். மறு சாரார், வினையடை வரும்போது வாக்கியத்துக்குள் கூடுதலாக ஓர் அடுக்கு எழும்புகிறது, எழுவாய் அதன் வழியே தப்பித்துப் போகிறது என்கிறார்கள். இதற்கிடையில் 'ஹூ டு யு திங்க் தட் கேம்?' என்று கேட்பதில் எந்தத் தவறும் காணாத ஆங்கிலக்காரர்களும் கணிசமாக இருக்கிறார்கள். அவர்களுக்கு மருந்தும் தேவையில்லை, நோயும் இல்லை.