மாதச் சம்பளமும் பழைய கடனும்



நாஞ்சில் நாட்டு வயல்களில் ஆண்டுக்கு இரண்டு பூ விளைவது வழக்கம். ஒன்று கன்னிப்பூ, மற்றொன்று கும்பப்பூ. தோவாளை, அகஸ்தீசுவரம் ஆகிய வட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோரின் வரவும் செலவும் இந்த இரண்டு அறுவடைகளையே சுற்றிச் சுழன்றன. கடன் வாங்குகிறவர், “கும்பப்பூ அறுப்புக்குத் தந்துவிடுகிறேன்” என்பார். கொடுத்தவரும் அதுவரை பொறுத்திருந்து, நெல் களத்துக்கு வந்ததும் தாமும் வந்து நிற்பார். மழை பொய்த்தால் கடன் அடுத்த பூவுக்குத் தள்ளிப்போகும். வட்டியும் உடன் வளரும்.

இன்று நம் மாவட்டத்துக் குடும்பங்களிற் பெரும்பாலானவை களத்தை நம்பி வாழவில்லை. கடையிலோ, அலுவலகத்திலோ, பள்ளியிலோ வேலை பார்த்து, மாதம் ஒருமுறை ஊதியம் பெற்று வாழ்கின்றன. வரவு மாறிவிட்டது, கடனைப் பற்றிய எண்ணமோ மாறவில்லை. “அறுப்புக்குத் தருகிறேன்” என்ற அதே மனநிலையில், “ஏதாவது பெருந்தொகை வரும், அப்போது அடைத்துவிடலாம்” என்று காத்திருக்கிறோம். மாதச் சம்பளக்காரருக்கு அறுவடை என்று ஒன்று வருவதே இல்லை. அவருடைய கடன், மாதந்தோறும் சிறிது சிறிதாக அடைந்தால்தான் உண்டு. அந்த வழியைக் குறித்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

நான் பல்லாண்டுகள் தனிவட்டிக் கணக்கைக் கரும்பலகையில் எழுதிக் கற்பித்தவன். அசல் இவ்வளவு, வட்டி வீதம் இவ்வளவு, காலம் இவ்வளவு, வட்டி எவ்வளவு? மாணவர்களும் சரியாகவே விடை எழுதினார்கள். அந்தக் கணக்கில் வருகிற மனிதர் வட்டியை எங்கிருந்து கொடுப்பார் என்று நானும் கேட்டதில்லை, அவர்களும் கேட்டதில்லை. பாடநூலின் அந்தக் குறை என் கண்ணுக்குப் பட்டது மிகவும் பிந்தித்தான்.

அதை எனக்குக் காட்டியவர் என்னுடன் பணியாற்றிய ஓர் ஆசிரியர். சம்பள நாளன்று எல்லாரும் முன்வாசல் வழியே செல்வார்கள். அவர் மட்டும் பின்பக்கத்து மதிலோரமாகச் செல்வார். முன்வாசலில் கடன்காரர் நின்றுகொண்டிருப்பார். வீட்டில் தம் மனைவிக்கும் அவர் கடனின் முழு அளவைச் சொல்லவில்லை. ஒருநாள் மாலை, “சார், எனக்கு மொத்தம் எவ்வளவு கடன் என்பது எனக்கே தெரியாது” என்றார். கணிதம் கற்பித்தவர் அவர். அவருக்கே தெரியாதா என்று நான் வியந்தேன். தெரிந்துகொள்ள அஞ்சினார் என்பதே உண்மை. இருவரும் உட்கார்ந்து ஒரு முழுத்தாளில் எழுதினோம்: யாருக்கு, எவ்வளவு, எந்த வட்டிக்கு, எப்போது வாங்கியது, என்ன ஈடு. எழுதி முடிக்க இரண்டு மணி நேரம் பிடித்தது. அவர் அஞ்சியிருந்த தொகையைவிட உண்மைத் தொகை குறைவாகவே இருந்தது. அன்றிரவே அத்தாளைத் தம் மனைவியிடம் காட்டிவிட்டார். கடன் அடையத் தொடங்கியது அன்றுதான் என்று நான் எண்ணுகிறேன்.

எழுதி வைப்பது சிறு காரியம் அன்று. கப்பலோட்டிய தமிழர் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1936ஆம் ஆண்டு மறைந்தார். அவர் இறுதிக் காலத்தில் எழுதிய உயிலில், எண்ணெய்க்கடை, ஜவுளிக்கடை போன்ற இடங்களில் தாம் கொடுக்க வேண்டிய பாக்கிகளையும் குறித்து வைத்தார். நாட்டுக்காகத் தம் பொருளையெல்லாம் இழந்தவர், கடைப் பாக்கியை மறைக்க வேண்டியது என்று கருதவில்லை.

எழுதியானதும், வட்டியை ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும். நம்மூரில் “மூணு வட்டி” என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 3 ரூபாய், ஆண்டுக்கு 36. “அஞ்சு வட்டி” என்றால் ஆண்டுக்கு 60. நகைக்கடனுக்கு ஆண்டு வட்டியும் கைமாற்றுக் கடனுக்கு மாத வட்டியும் சொல்லப்படுவதால், 12 வட்டி பெரிதென்றும் 3 வட்டி சிறிதென்றும் மயங்குபவர் உண்டு. கடன் அட்டைக்கு மாதம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் என்றால், அது ஆண்டுக்கு 42 ஆகும். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது தண்டல். 10,000 ரூபாய்க் கடன் என்று எழுதி, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளைக்கு 100 வீதம் 100 நாள் வசூலிப்பார்கள். வட்டி 1,500தானே என்று தோன்றும். ஆயின் அசலும் நாள்தோறும் திரும்பிச் சென்றுகொண்டே இருக்கிறது. சராசரியாக நம் கையில் இருப்பது அதிற் பாதித் தொகையே. கணக்கிட்டுப் பாருங்கள்: ஆண்டு வட்டி நூற்றுக்கு ஏறத்தாழ 120 வரும்.

இனி, ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கோட்டாற்றில் ஒரு கடையில் கணக்கெழுதுபவர். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். புரோநோட்டு எழுதிக்கொடுத்து மூணு வட்டிக்கு வாங்கியது 30,000. ஆண்டுக்கு 12 விழுக்காட்டில் நகையை அடகு வைத்து வாங்கியது 40,000. மைத்துனர் வட்டியில்லாமற் கொடுத்தது 30,000. ஆக மொத்தம் ஒரு லட்சம். சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது 4,000 ரூபாயை, கடனுக்கென ஒதுக்குகிறார் என்க.

பலரும் என்ன செய்வார்கள்? நோட்டுக்கு வட்டி 900, நகைக்கு வட்டி 400 கட்டிவிட்டு, எஞ்சியதை ஆளுக்குக் கொஞ்சமாகப் பிரித்துக் கொடுப்பார்கள், அல்லது செலவழித்துவிடுவார்கள். நோட்டுக்கு வட்டி மட்டும் கட்டிவந்தால், 34ஆம் மாதத்தில் கட்டிய வட்டி 30,600 ஆகிவிடும். அசல் 30,000 அப்படியே நிற்கும்.

வேறு வழி இது. நகைக்கு மாத வட்டி 400ஐக் கட்டிவிட்டு, எஞ்சிய 3,600 முழுவதையும் நோட்டுக் கடனிலேயே செலுத்த வேண்டும். முதல் மாதம் வட்டி 900 போக அசலில் 2,700 குறைந்து, 27,300 ஆகும். அடுத்த மாதம் வட்டி 819தான். ஆகவே அசலில் 2,781 குறையும். மாதம் செல்லச் செல்ல வட்டி சுருங்கி, அசலுக்குப் போகும் பங்கு பெருகும். பத்தாம் மாதத்தில் நோட்டுக் கடன் தீர்ந்துவிடும். அதற்குச் சென்ற வட்டி மொத்தம் ஏறத்தாழ 5,050 ரூபாய். வட்டி மட்டும் கட்டியிருந்தால் அதே பத்து மாதத்தில் 9,000 போயிருக்கும், கடனும் இருந்திருக்கும். பிறகு அந்த 4,000 முழுவதும் நகைக்குத் திரும்பும். 21ஆம் மாதத்தில் நகை வீட்டுக்கு வரும். அதன்பின் மைத்துனரின் பணம். ஆக, 28 மாதங்களில் ஒரு லட்சமும் அடைகிறது. வட்டி மிகுந்ததை முதலில் வெட்டு என்பதைத் தவிர இதில் மந்திரம் ஒன்றும் இல்லை.

கணக்கு இப்படிச் சொல்கிறது. உறவு வேறு சொல்லலாம். மைத்துனர் வீட்டில் திருமணமோ மருத்துவச் செலவோ வந்துவிட்டால், வட்டியில்லாக் கடன்தானே என்று அவரைக் கடைசியில் நிறுத்துவது நியாயமாகாது. அப்போது வரிசையை மாற்றத்தான் வேண்டும். அதனால் வட்டி கூடினால் கூடட்டும். ஆனால், அவரிடம் முன்னதாகவே சென்று, “28 மாதத்தில் தருகிறேன், இதோ கணக்கு” என்று காட்டியவரிடம் பெரும்பாலும் யாரும் சண்டைக்கு வருவதில்லை. முகத்தை மறைப்பவரிடமே மனக்கசப்பு வளர்கிறது.

அந்த 4,000 எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். தேநீரைக் குறை, பேருந்தில் ஏறாமல் நட என்று அறிவுரை சொல்வோரிடம் எனக்கு உடன்பாடில்லை. அவற்றால் மாதம் சில நூறு மிஞ்சலாம். ஊர்க்கொடைக்கும் கலியாண மொய்க்கும் தவணைப் பொருள்களுக்கும் போகிற பெருந்தொகையில்தான் கைவைக்க வேண்டும். அதற்கு மனத்துணிவு வேண்டும். இன்னொன்று: தொடங்குமுன்னரே இரண்டாயிரமோ மூவாயிரமோ தனியே எடுத்து வைத்துவிட வேண்டும். அது இல்லையேல், குழந்தைக்கு வரும் அடுத்த காய்ச்சல் புதுக் கடனைக் கொண்டுவந்துவிடும்.

மிகுந்த வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக் கடனாக மாற்றுவதும் நல்வழியே. இதற்கென்றே பிறந்தது கூட்டுறவு இயக்கம். சென்னை மாகாணத்தில் உழவர் கடனை ஆராய்ந்த பிரடெரிக் நிக்கல்சன், 1895லும் 1897லும் தந்த அறிக்கைகளில், ஜெர்மனியில் ரைபைசன் நிறுவிய கிராமச் சங்கங்களின் வழியை எடுத்துக்காட்டினார். 1904இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டு திருவள்ளூரை அடுத்த திரூரில் ஒரு சங்கம் தோன்றியது. இன்று பணியாளர் சிக்கன நாணயச் சங்கங்கள் பல உள. 1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் மேம்பாட்டுத் திட்டத்தின் வழிவந்த சுய உதவிக் குழுக்களும் ஊர்தோறும் உள. அங்கே வாங்கி இங்கே அடைக்கலாம். ஒரு நிபந்தனை: பழைய நோட்டைத் திரும்பப் பெற்ற பின்னரே மாற்றம் முடிந்ததாகக் கொள்ள வேண்டும். சீட்டை முன்னதாகத் தள்ளி எடுப்பதும் ஒருவகைக் கடனே என்பதையும், 1982ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெறாத சீட்டில் சேரலாகாது என்பதையும் மறவாதீர்கள்.

சட்டம் கடன்பட்டவரைக் கைவிட்டுவிடவில்லை. 1938இல் இராஜாஜியின் அமைச்சரவை சென்னை மாகாணத்தில் உழவர் கடன் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அசலைப்போல் இருமடங்கு கட்டிவிட்ட உழவரின் கடன் அதன்படி தீர்ந்தது. நாஞ்சில் நாடு அப்போது திருவிதாங்கூரில் இருந்தமையால், அச்சட்டம் நம்மவருக்குப் பொருந்தவில்லை. நாம் தமிழகத்தோடு இணைந்தது 1956 நவம்பர் 1ஆம் நாளில்தான். 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, மணி வட்டி, தண்டல் ஆகியவற்றைக் குற்றமாக்கி, மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. நீதிமன்றத் தீர்ப்பின்பேரில் சம்பளத்தைப் பற்றுகை செய்யும்போதும், முதல் 1,000 ரூபாயையும் மிகுதியில் மூன்றில் இரு பங்கையும் தொடமுடியாது. “சம்பளம் முழுவதையும் பிடித்துவிடுவேன்” என்ற மிரட்டலுக்கு அஞ்ச வேண்டுவதில்லை.

சட்டம் இருந்தும் துயரங்கள் நேர்ந்தன. 2017 அக்டோபரில், அண்டையிலுள்ள திருநெல்வேலியில், கந்துவட்டிக் கொடுமை குறித்து முன்னரே மனுக் கொடுத்திருந்த ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம், ஆட்சியர் அலுவலக வளாகத்திலேயே அழிந்தது. அவர்களுள் இருவர் சின்னஞ்சிறு பெண் குழந்தைகள். இதைச் சொல்லாமல் கடனைப் பற்றிப் பேசுவது முறையன்று என்பதால் சொன்னேன். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கடனால் ஒருவர் பேச்சடங்கி இருப்பதைக் கண்டால், அவரைத் தனியே விடாதீர்கள். அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஒரு தாளும் எழுதுகோலும் எடுத்துச் செல்லுங்கள். கணக்கு உங்களுக்குத் தெரியும். காவல் நிலையத்துக்கோ, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ துணையாகச் செல்லவும் உங்களால் இயலும்.

கடைசியாகச் சில நடைமுறைகள். எழுதாத நோட்டிலும் தொகை குறிக்காத காசோலையிலும் யாருக்கும் கையெழுத்திட்டுக் கொடுக்க வேண்டா. கட்டுகிற ஒவ்வொரு தொகையையும் நோட்டின் பின்புறத்தில் வரவு வைக்கச் செய்து, உங்களிடமும் ஒரு குறிப்பு வைத்துக்கொள்ளுங்கள். கூடுமானவரை வங்கி வழியாகவே கட்டுங்கள். சான்று தானே அமையும். கடன் தீர்ந்த அன்றே மூல நோட்டைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். வங்கிக் கடனாயின் நிலுவையில்லைச் சான்றிதழ் பெற்று, சில வாரங்கள் கழித்து, கடன் தகவல் நிறுவனத்தின் அறிக்கையில் அக்கணக்கு முடிந்ததாகக் காட்டப்பட்டுள்ளதா என்று பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை அவ்வறிக்கையைக் கட்டணமின்றிப் பெறலாம்.