டென்மார்க் மறந்த கோட்டை

திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்து, பந்தியும் முடிந்து, வேனில் ஏறும்போது யாராவது ஒருவர் கேட்பார்: "ஊர் திரும்ப நேரமிருக்கே, பக்கத்துல பார்க்க என்ன இருக்கு?" எட்டு கிலோமீட்டர் தள்ளித் தரங்கம்பாடி இருக்கிறது. அந்த ஊருக்கு வருகிறவர்களில் பலர் இப்படி வந்து சேர்கிறவர்கள்தான். பட்டுப்புடவை கசங்காமல் கோட்டை மதில்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். கடலில் கால் நனைப்பார்கள், சுண்டல் வாங்குவார்கள், கிளம்பிவிடுவார்கள். திருநள்ளாறு, நாகூர், வேளாங்கண்ணி போகிற வண்டிகளும் அப்படியே. அரை மணி, முக்கால் மணி போதும் என்பது ஓட்டுநர்களின் கணக்கு.

கோட்டையை மட்டும் பார்ப்பதென்றால் அந்தக் கணக்கு சரிதான். வேலூரையும் செஞ்சியையும் பார்த்த கண்ணுக்கு இது சின்னக் கோட்டை. ஆனால் தரங்கம்பாடியில் பார்க்க வேண்டியது கோட்டை மட்டுமல்ல, அதைச் சுற்றியிருக்கும் ஊர். ஓர் ஐரோப்பிய அரசு ஆசையாகக் கட்டி, அப்படியே மறந்து, பிறகு நினைவு வந்து, கடைசியில் விற்றுத் தீர்த்த ஊர் இது. வாங்கியவர்களும் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த அலட்சியத்தின் புண்ணியத்தில்தான் பழைய தெருவமைப்பு இடிபடாமல் நம் கைக்கு வந்திருக்கிறது.

டென்மார்க்காரர்கள் முதலில் குறிவைத்தது இலங்கையை. மன்னர் நான்காம் கிறிஸ்தியான் காலத்தில், 1616இல், ஒரு கிழக்கிந்தியக் கம்பெனி தொடங்கினார்கள். கண்டி மன்னரோடு கூட்டுச் சேர்ந்து வியாபாரம் செய்யலாம் என்று நம்பி, 1618இல் கப்பல்கள் கிளம்பின. தலைமை ஏற்ற ஓவே கெட்டேக்கு இருபத்தைந்து வயதுகூட ஆகவில்லை. இலங்கையில் காரியம் பலிக்கவில்லை. அதற்கு முன்பே வந்திருந்த ஒரு கப்பலைக் காரைக்கால் பக்கத்தில் போர்த்துக்கீசியர்கள் தாக்கியிருந்தார்கள். அதிலிருந்து தப்பிய ரோலண்ட் கிராப்பே என்பவர் தஞ்சாவூர் போய்ச் சேர்ந்து, ரகுநாத நாயக்கரிடம் பேச்சைத் தொடங்கினார். 1620 நவம்பரில் உடன்படிக்கை ஆனது. கடற்கரையில் ஒரு மீனவ ஊர், அதில் கோட்டை கட்டிக்கொள்ளும் உரிமை. டென்மார்க் மன்னருக்கு நாயக்கர் தங்க ஏட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது.

அப்படி எழுந்ததுதான் டான்ஸ்போர்க் கோட்டை. மூலைகளில் கொத்தளங்கள், மதில்மேல் கடலைப் பார்த்த பீரங்கிகள், நடுவில் முற்றம். கடலை ஒட்டிய பக்கம் இரண்டு அடுக்குக் கட்டடம். கீழே கிடங்குகளும் சிறையும். மேலே ஆளுநர் வீடு, வழிபடும் இடம். வளைந்த கூரையும் தடித்த சுவருமாக உள்ளே சித்திரை வெயிலிலும் குளுமை தங்கியிருக்கும். சுதந்திரத்துக்குப் பிறகு கொஞ்ச காலம் இதை அரசுப் பயணியர் மாளிகையாக வைத்திருந்தார்கள். இப்போது தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். காசு, பீங்கான், பழைய ஆவணம் எல்லாம் உண்டு. ஆனால் இந்தக் கோட்டையின் ஆகச் சுவையான கதையைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது.

1639இல் டென்மார்க்கிலிருந்து கிளம்பிய கப்பல்களுக்குப் பிறகு, 1669 வரை தரங்கம்பாடிக்கு அங்கிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. ஐரோப்பாவில் போர்மேல் போர். ஸ்வீடனிடம் அடிமேல் அடி. கஜானா காலி. 1650இல் கம்பெனியையே கலைத்துவிட்டார்கள். இங்கே இருந்தவர்களுக்குச் சம்பளமும் இல்லை, சேதியும் இல்லை. காய்ச்சலிலும் சண்டையிலும் ஒவ்வொருவராகப் போக, 1655 வாக்கில் கோட்டையில் எஞ்சி நின்ற டேனிஷ்காரர் ஒரே ஒருவர்: எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே. பெரிய குடும்பத்துப் பிள்ளை அல்ல, அதிகாரியும் அல்ல. எழுதப் படிக்கத் தெரியாதவர் என்பார்கள். அந்த மனிதர் கோட்டைத் தலைவர் ஆனார்.

ஆகி என்ன செய்தார்? நாட்டுக் கொடியை இறக்கவில்லை. வங்காள விரிகுடாவில் போன கப்பல்களை மடக்கிப் பிடித்தார். நேராகச் சொன்னால் கடற்கொள்ளை. அதில் வந்த பணத்தில் ஆட்களுக்குச் சம்பளம் கொடுத்தார். நாயக்கரின் படை முற்றுகையிட்டபோது சமாளித்தார். ஊரைச் சுற்றி மதில் எழுப்பினார். கடைசியில் நாயக்கரோடு சமாதானமும் பேசி முடித்தார். 1669இல் கோபன்ஹேகனிலிருந்து ஒரு கப்பல் வந்து நின்றபோது, வந்தவர்கள் கண்டது பறந்துகொண்டிருந்த தங்கள் கொடியை. அவரையே தலைவராக உறுதி செய்தார்கள். ஒற்றை ஆள் ஒரு கோட்டையைக் காத்துவிட முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கூலிக்குச் சேர்ந்து பீரங்கி இழுத்த, மதில் கட்டிய நம் ஊர்க்காரர்கள் இல்லாமல் எஸ்கில்ட் ஒரு மாதம் தாண்டியிருக்க மாட்டார். வரலாறு எழுதிவைத்தது அவர் பெயரை மட்டும்தான்.

அந்த மதிலில் பெரும்பகுதி இன்று இல்லை. வாசல் இருக்கிறது. மெயின் ரோட்டிலிருந்து கடலைப் பார்க்கத் திரும்பினால், வெள்ளையடித்த வளைவு ஒன்று குறுக்கே நிற்கும். 1792இல் புதுப்பித்துக் கட்டியது. பேருந்து நிறுத்தத்து இரைச்சல் அந்த வளைவோடு நின்றுவிடும். உள்ளே ராஜ வீதி நேராகக் கடலுக்குப் போகிறது. வேகமாக நடந்தால் பத்து நிமிடம். வேகமாக நடக்கக் கூடாது. 1701இல் கட்டிய சீயோன் தேவாலயம், 1718இல் கட்டிய புதிய எருசலேம் தேவாலயம், ஆளுநர் மாளிகை எல்லாம் இந்த வட்டாரத்துக்குள்தான். என்னைக் கேட்டால், பெயர்பெற்ற இந்தக் கட்டடங்களைவிட இடையில் இருக்கும் வீடுகளுக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். ஐரோப்பியச் சுவருக்கு முன்னால் நம் திண்ணை. திண்ணைக்குத் தூண் வரிசை. வெயிலுக்கு ஒதுங்கவும் வழிப்போக்கர் உட்காரவும் திண்ணை வேண்டும் என்பதை அவர்கள் இந்த ஊரில்தான் கற்றுக்கொண்டிருப்பார்கள். சில வீடுகளில் பள்ளி நடக்கிறது, சில விடுதியாகிவிட்டன, சில பூட்டிக் கிடக்கின்றன. பக்கத்திலுள்ள கோல்ட்ஸ்மித் தெருவில் சின்னச் சின்ன ஓட்டு வீடுகளை, சுனாமிக்குப் பிறகு இன்டாக் அமைப்பு பழைய முறையிலேயே சீர்செய்தது.

எருசலேம் தேவாலயத்துக்குள் சீகன்பால்க் கல்லறை இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று புளுட்சோ என்ற தோழரோடு வந்து இறங்கிய ஜெர்மானியர். அனுப்பியவர் டென்மார்க் மன்னர். மீண்டும் உயிர்பெற்றிருந்த கம்பெனிக்கோ மதப் பிரசங்கம் வியாபாரத்துக்கு இடைஞ்சல். 1708இல் மன்னர் அனுப்பிய ஆளையே மன்னரின் கோட்டையில் நான்கு மாதம் சிறைவைத்தார் ஆளுநர். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் படித்தவர். அச்சுக்கூடம் அமைத்தார். ஜெர்மனியில் வார்த்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்து காகிதத்தைத் தின்றதால், பக்கத்துப் பொறையாரில் சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். காகிதம் செய்யவும் அங்கே பட்டறை போட்டார்கள். கடுதாசிப்பட்டறை என்ற இடப்பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. 1715க்குள் புதிய ஏற்பாடு முழுதும் தமிழில் அச்சாகிவிட்டது. தமிழின் முதல் அச்சுநூலே இங்கு வந்ததுதான் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அது தவறு, 1578இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் வந்துவிட்டது. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி சீகன்பால்க் 1713இல் எழுதிய நூலை அச்சிட ஜெர்மனியில் இருந்த அவருடைய சபைப் பெரியவர்களுக்கு மனம் வரவில்லை. 1867இல் சென்னையில்தான் அது வெளிவந்தது. 1719இல் அவர் இறந்தபோது வயது 36.

கரையில் மீன் ஏலம் நடக்கும் நேரத்தில் போனால் கத்தாழை மீனைக் கேட்டுப் பாருங்கள். அந்த இனத்தில் ஒரு வகைக்கு அறிவியல் பெயர் ஜானியஸ். தரங்கம்பாடியில் போதகராக இருந்த ஜான் என்பவர் இங்குள்ள மீன்களைப் பக்குவம் செய்து பெர்லினுக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த ப்ளாக் என்ற அறிஞர் நன்றிக்கு அவர் பெயரை வைத்தார்.

டென்மார்க் 1845இல் தரங்கம்பாடியையும் வங்காளத்து சீராம்பூரையும் சேர்த்து பன்னிரண்டரை லட்ச ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றது. ஆங்கிலேயருக்கு இந்தத் துறைமுகம் தேவைப்படவில்லை. 1861இல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வந்ததும் சரக்கெல்லாம் அங்கே போனது. 1926இல் மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்கும் ரயில் விட்டார்கள். 1980களில் அதையும் நிறுத்திவிட்டார்கள். வளர்ந்த துறைமுக ஊர்களில் பழைய வீதிகள் என்ன ஆயின என்று நமக்குத் தெரியும். இங்கே இடித்துக் கட்டப் பணமுள்ளவர் வரவில்லை.

இடிப்பதில் கடலுக்குத் தயக்கம் கிடையாது. கோட்டைக்கு வடக்கே மாசிலாமணிநாதர் கோயில், 1306இல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. டேனிஷ்காரர் வருவதற்கு மூன்று நூற்றாண்டு முன்பே இது ஊர்தான் என்பதற்கு அதுவே சாட்சி. முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. அலைக்குள் கற்கள் கிடக்கின்றன. புதுப்பித்த பகுதியில் பூசை நடக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில், அப்போதைய நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த ஊரின் மீனவர் தெருக்களும் அதில் தப்பவில்லை. கரையில் இப்போது கருங்கல் கொட்டிய தடுப்பு இருக்கிறது. அழகாக இல்லை என்று குறை சொல்லும் உல்லாசப் பயணிகள் அங்கே குடியிருக்கிறவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம்.

ஓசோன் காற்று வீசும் கடற்கரை என்றும் இங்கே பெருமையாகச் சொல்வார்கள். வானத்து உயரத்தில் ஓசோன் நல்லது. மூக்குக்கு எட்டும் உயரத்தில் அது நுரையீரலை எரிக்கும். கடற்கரையில் வரும் அந்த வாசனைக்குக் காரணம் கடலின் நுண்ணுயிர்களும் பாசியும் வெளிவிடும் கந்தகச் சேர்மங்கள். காற்று நல்ல காற்றுதான், அதற்கு இந்தப் பட்டம் தேவையில்லை.

போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஓர் இரவு தங்குங்கள். மயிலாடுதுறையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் பேருந்துகள் உண்டு. மாலையில் வேன்கள் போன பிறகு ராஜ வீதியில் நடங்கள். காலையில் வெயில் ஏறுமுன் இன்னொரு முறை. கோயில் பக்கம் கற்கள் மூழ்கிக் கிடப்பதால் கடலில் இறங்க வேண்டாம். மற்ற இடங்களிலும் இழுப்பு அதிகம், முழங்காலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துத் திட்டமிடுங்கள், அன்று அருங்காட்சியகத்துக்கு விடுமுறை.