கோட்டுக்கு வெளியே நின்றவர்

2018 ஏப்ரல் 1, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி கால்பந்து இறுதி ஆட்டத்தில் வங்காளத்தை விடக் கேரளா 2-1 என்று முந்தி நிற்கிறது. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. விசில் ஊதவேண்டியதுதான் பாக்கி என்ற நேரத்தில் தீர்த்தங்கர் சர்க்கார் அடித்த ஃப்ரீ கிக் வலைக்குள் போய் விழுந்தது. 14 வருஷமாகக் கைக்கு வராத கோப்பை இந்தத் தடவையும் போயிற்று என்றே பலர் நினைத்திருப்பார்கள். ஆனால் பெனால்டி ஷூட் அவுட்டில் வங்காளத்தின் முதல் இரண்டு உதைகளையும் கோல்கீப்பர் மிதுன் தடுத்துவிட்டார். 4-2. வெற்றி உதையை அடித்த சீசன், திருவனந்தபுரம் கடலோரத்துப் பையன்.

அன்று கோட்டுக்கு வெளியே நின்ற பயிற்சியாளர் சதீவன் பாலனும் திருவனந்தபுரத்துக்காரர்தான். ஐஎஸ்எல் அணிகளின் வெளிநாட்டுப் பயிற்சியாளர் பெயரெல்லாம் நமக்கு அத்துப்படி. இவர் பெயரைக் கேட்டால் யோசிப்போம்.

பயிற்சியாளராவதற்கு இன்று ஆசியக் கால்பந்து கூட்டமைப்பின் லைசென்ஸ் வேண்டும். கேரளத்தில் அதற்கும் முந்தைய பாதை ஒன்று உண்டு. கோதவர்ம ராஜா 1954-ல் தொடங்கிய ஸ்போர்ட்ஸ் கவுன்சில், பயிற்சியாளர்களைச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்கிறது. சதீவன் அந்த வழியில் வந்தவர். கோழிக்கோடு பல்கலைக்கழக அணியைப் பழக்கி, அகில இந்தியப் பல்கலைக்கழகப் பட்டம் வரை கொண்டுபோனவர். பெரிய நட்சத்திரமாக ஆடிய பேர் இருந்தால்தான் பயிற்சியாளராக முடியும் என்றில்லை. முந்தைய தலைமுறையில் ஆடிப் பேர் வாங்கியவர்களும் பயிற்சியாளரானதுண்டு: 1973-ல் கேரளத்துக்கு முதல் கோப்பை வாங்கிக்கொடுத்த சைமன் சுந்தரராஜ், 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஆடியவர். அந்த 1973 அணியில் ஆடிய டி.ஏ. ஜாஃபர்தான் 1992, 1993 இரண்டு கோப்பைகளுக்கும் பயிற்சியாளர்.

2018 அணியைக் கூர்ந்து பார்த்தால் இன்னொன்று புரியும். கேப்டன் ராகுல் வி. ராஜ், மிதுன், சீசன் மூவருமே ஸ்டேட் பேங்க் அணிக்காரர்கள். மாதச் சம்பளம் வாங்கும் அனுபவஸ்தர்கள் ஒரு பக்கம், எம்.எஸ். ஜிதின் போன்ற இளசுகள் மறுபக்கம். இரண்டையும் கலந்ததுதான் சதீவனின் கைப்பக்குவம் என்பேன். லீக் சுற்றில் நான்கு ஆட்டங்களிலும் வெற்றி; 15 கோல் அடித்து ஒன்றே ஒன்றுதான் வாங்கினார்கள்.

அடுத்த கோப்பை 2022-ல் மஞ்சேரியில் பினோ ஜார்ஜ் பயிற்சியில் வந்தது. அதுவும் வங்காளத்தை பெனால்டியில் வென்றதுதான். பிறகு சதீவனையே மறுபடி கூப்பிட்டார்கள். 2024 மார்ச், அருணாசலப் பிரதேசம், காலிறுதி, எதிரணி மிசோரம். ஆட்டம் பெனால்டிக்குப் போனது. இந்த முறை 7-6 என்று மிசோரம் ஜெயித்தது.