நகரும் வலைக்கதவு

நகரும் வலைக்கதவு என்பது, பூச்சிகளைத் தடுத்துக் காற்றை மட்டும் வீட்டினுள் விடும் பொருட்டு, பக்கவாட்டில் நகரும் கண்ணாடிக் கதவுடன் சேர்த்துப் பொருத்தப்படும் வலைப் பலகம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவிலும் கனடாவிலும், பின்முற்றத்துக்கோ மேல்மாடத்துக்கோ திறக்கும் கண்ணாடிக் கதவுகளில் இது பரவலாகக் காணப்படுகின்றது. தமிழ்நாட்டில் அலுமினியம், யுபிவிசி சாளரங்களில் அமையும் மெஷ் பலகமும் பெரும்பாலும் இதே முறையில் இயங்குகின்றது.

வலையில் உள்ள கிழிசல் எளிதில் கண்ணில் படும். ஆனால் உருளி, தடம், சட்டகம் ஆகியவற்றின் பழுதால் விளிம்பில் தோன்றும் இடைவெளி எளிதில் தெரிவதில்லை. எடுத்துக்காட்டாக, 2 மீட்டர் உயரக் கதவின் ஓரத்தில் 2 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால், அதன் மொத்தப் பரப்பு 40 சதுர சென்டிமீட்டர் ஆகும். இது பக்கத்துக்கு 6 சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட சதுர ஓட்டைக்கு ஈடானது. ஆகவே வலைக்கதவின் பராமரிப்பு என்பது வலையை மட்டும் பேணுவது அன்று. அதன் நான்கு விளிம்புகளையும் பேணுவதாகும்.

வரலாறும் பயனும்

கனெடிகட் மாநிலத்தில் கம்பிச் சல்லடை செய்து வந்த கில்பர்ட் அன்ட் பெனட் நிறுவனம், 1861 இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் தொடங்கியபின் தென் மாநிலச் சந்தையை இழந்தது. தேங்கிய கம்பி வலைக்குச் சாயம் பூசி அதைச் சாளர வலையாக விற்கத் தொடங்கியது. அக்காலத்தில் வலையின் நோக்கம் ஈ, கொசுத் தொல்லையைத் தவிர்ப்பது மட்டுமே.

1897 இல் ரொனால்ட் ராஸ், செகந்திராபாத்தில் அனோபிலிசு கொசுவின் உடலில் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டறிந்தார். 1900 இல் லூயி சாம்பன், ஜார்ஜ் கார்மைக்கேல் லோ ஆகிய மருத்துவர்கள், இத்தாலியில் மலேரியா மிகுந்த ஓஸ்தியா பகுதியில் வலையிட்ட குடில் ஒன்றில் நோய்ப் பருவத்தைக் கழித்தனர். அந்தி முதல் விடியும் வரை குடிலுக்குள் இருந்த அவர்களுக்கு மலேரியா வரவில்லை. வலை நோய்த்தடுப்புக் கருவியும் ஆகும் என்பதை இச்சோதனை காட்டியது.

படுக்கைக் கொசுவலை உறங்கும் நேரத்தில் மட்டும் பயன்படும். டெங்குவைப் பரப்பும் ஏடிசு எகிப்தி கொசு பகலிலும் கடிப்பதால், கதவு, சாளர வலைகள் கூடுதல் பயனுடையவை. வட அமெரிக்காவில் மேற்கு நைல் தீநுண்மி 1999 இல் நியூயார்க்கில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இதுவும் கொசுக்களால் பரவுவதாகும்.

அமைப்பு

* சட்டகம்: பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. இதன் ஒரு முகத்தில் வலையைப் பற்றுவதற்கான பள்ளம் சுற்றிலும் ஓடும்.
* வலை: பொதுவாக நெகிழிப் பூச்சுள்ள கண்ணாடியிழை அல்லது அலுமினியம். பரவலாகப் பயன்படும் 18×16 வலையில் ஓர் அங்குலத்துக்கு ஒரு திசையில் 18 இழைகளும் மறு திசையில் 16 இழைகளும் இருக்கும். இழையின் தடிப்பு ஏறத்தாழ 0.28 மில்லிமீட்டர். எனவே ஒவ்வொரு கண்ணும் சுமார் 1.1×1.3 மில்லிமீட்டர் அளவுடையது.
* இறுக்குக் கயிறு: வலையைப் பள்ளத்தினுள் அழுத்திப் பிடிக்கும் நெகிழிக் கயிறு. அமெரிக்கக் கடைகளில் ஸ்ப்லைன் என்ற பெயரில் விற்கப்படுகின்றது.
* உருளிகள்: கதவின் அடி மூலைகளில் இரண்டு, பல கதவுகளில் மேலேயும் இரண்டு. இவற்றின் உயரத்தைத் திருகுகள் மூலம் மாற்றலாம்.
* தடம்: நிலைச்சட்டத்தில் மேலும் கீழும் அமைந்த உருளிப் பாதை.

பராமரிப்பு

கீழ்த்தடத்தில் சேரும் மணல், முடி, காய்ந்த இலை ஆகியவை உருளிகளைத் தேய்க்கின்றன. தடத்தைத் தூரிகையாலோ தூசி உறிஞ்சியாலோ துப்புரவாக்கி, ஈரத்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்தபின் சிலிக்கோன் தெளிப்பான் இடலாம். சமையல் எண்ணெயும் கிரீசும் தூசியைப் பற்றிப் பசையாக மாறுவதால் தடத்துக்கு ஏற்றவை அல்ல. வலையை மென்மையான தூரிகையும் சவர்க்கார நீரும் கொண்டு கழுவலாம். கடற்கரையை அண்டிய வீடுகளில் உப்புக்காற்று அலுமினிய வலையை அரிக்கும். அங்கே கண்ணாடியிழை வலை நீடித்து உழைக்கும்.

பொதுவான பழுதுகள்

கதவு இறுக்கமாக நகர்தல்: தடத்தைத் துப்புரவாக்கியபின்னும் இறுக்கம் நீங்காவிடில், உருளிகள் தேய்ந்திருக்கலாம் அல்லது முடி சுற்றியிருக்கலாம். உருளியைத் தனியாகக் கழற்றி மாற்ற முடியும். புதிய உருளியின் விட்டமும் அகலமும் பழையதை ஒத்திருக்க வேண்டும்.

ஆப்பு வடிவ இடைவெளி: மூடிய கதவின் ஓரத்தில் மேலே அகன்றும் கீழே குறுகியும், அல்லது அதற்கு மாறாகவும் இடைவெளி தோன்றினால், அடி உருளிகள் ஒரே உயரத்தில் இல்லை எனக் கொள்ளலாம். திருகுகளைச் சிறிது சிறிதாகத் திருப்பி, கதவு நிலைச்சட்டத்துக்கு இணையாகும் வரை சரிசெய்ய வேண்டும்.

நடுவில் இடைவெளி: இரு முனைகளும் பொருந்தி நடுப்பகுதி மட்டும் விலகியிருந்தால், நெடுஞ்சட்டம் உட்புறம் வளைந்துள்ளது. வலையை அளவுக்கு மீறி இறுக்கிக் கட்டுவது இதற்கு ஒரு பொதுவான காரணம் ஆகும்.

சிறு கிழிசல்: ஓரிரு இழைகள் அறுந்திருந்தால் நிறமற்ற பசையால் மூடலாம். பெரிய ஓட்டைக்கு அதே வகை வலைத்துண்டை ஒட்டலாம். சட்டகத்தின் ஓரத்தில் கிழிந்திருந்தால் ஒட்டு நிலைக்காது; முழு வலையையும் மாற்றுவதே நல்லது.

வலை மாற்றும் முறை

1. உருளித் திருகுகளைத் தளர்த்தி, கதவை மேல்தடத்தினுள் உயர்த்தி, கீழ்ப்பகுதியை வெளியே இழுத்துக் கழற்ற வேண்டும். பின் சமதளமான மேசையில் படுக்க வைக்க வேண்டும்.
2. பழைய கயிற்றின் முனையைக் கூரிய கருவியால் நெம்பி உருவ வேண்டும். புதிய கயிறு அதே தடிப்புடையதாக இருத்தல் வேண்டும். முன்னதைவிடத் தடித்த வலை பொருத்துவதாயின் சற்று மெல்லிய கயிறு தேவைப்படலாம்.
3. நெடுஞ்சட்டங்கள் உட்புறம் வளையாதிருக்க, அவற்றின் உள்விளிம்பை ஒட்டி மரத்துண்டுகளை மேசையில் பொருத்த வேண்டும்.
4. வலையை நான்கு பக்கமும் 5 சென்டிமீட்டர் மிகும்படி வெட்டி, இழைகள் சட்டத்துக்கு இணையாக அமையும்படி விரிக்க வேண்டும்.
5. ஒரு மூலையில் தொடங்கி, குழிந்த விளிம்புள்ள கைச்சக்கரத்தால் கயிற்றைப் பள்ளத்தினுள் அழுத்திச் செல்ல வேண்டும். அலுமினிய வலையாயின், முதலில் குவிந்த விளிம்புள்ள சக்கரத்தால் வலையை மட்டும் பள்ளத்தினுள் மடிக்க வேண்டும். கயிறு அழுந்தும்போது வலை தானாகவே இறுகும். கையால் பலமாக இழுத்தல் கூடாது.
6. மிகுந்த வலையைக் கயிற்றின் வெளிப்புறமாகக் கூரிய கத்தியால் வெட்டி நீக்க வேண்டும். பின் கதவை மாட்டி, உருளிகளை மீண்டும் சரிசெய்ய வேண்டும்.

வரம்புகள்

பூச்சி வலை மனிதரின் எடையைத் தாங்கும் வலிமை உடையதன்று. மேல்மாடியில் வலையை நம்பிக் கண்ணாடிக் கதவையோ சாளரத்தையோ திறந்து வைப்பதால் சிறுவர் விழும் விபத்துகள் நேர்கின்றன. இதனை அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் எச்சரித்துள்ளது. வலைக்கதவின் மெல்லிய தாழும் திருட்டைத் தடுக்காது. 18×16 வலையின் கண் வழியே மிகச் சிறிய கடிக்கும் ஈக்கள் நுழையக்கூடும். அவை மிகுந்த இடங்களில் 20×20 வலை பயன்படுத்தப்படுகின்றது. கண் சிறிதாகும்போது உள்ளே வரும் காற்றும் குறையும்.