கடலில் ஆழம் நிலையானதன்று: ஓதத்தைக் கணக்கிட்டுப் படகுப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

பாவ்நகர் (குஜராத்): சாலையில் செல்பவர் தூரத்தைக் கொண்டு பயண நேரத்தை முடிவு செய்கிறார். கம்பாத் வளைகுடாவில் படகு செலுத்துபவரோ, சென்று சேரும் இடத்தில் எந்த நேரத்தில் எவ்வளவு நீர் இருக்கும் என்பதை முதலில் அறிந்து, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டே புறப்படும் நேரத்தை முடிவு செய்ய வேண்டும். காலையில் படகு மிதந்த இடம் பிற்பகலில் சேற்றுவெளியாக மாறிவிடக்கூடும் என்பதே இதற்குக் காரணம்.

நாட்டிலேயே மிகப் பெரிய ஓத வேறுபாடு

கடல் மட்டம் நாள்தோறும் உயர்ந்து தாழ்வதே ஓதம். சென்னைக் கடற்கரையில் இந்த வேறுபாடு ஏறத்தாழ 1 மீட்டர் மட்டுமே. புனல் போலக் குறுகிச் செல்லும் கம்பாத் வளைகுடாவில், பாவ்நகர் அருகே அது 10 மீட்டர் அளவை எட்டுகிறது. நீர் வடிந்த பின்னரும் கப்பல்கள் மிதக்கும் வகையில், பாவ்நகர் துறைமுகத்தில் நீரைத் தேக்கி வைக்கும் மதகு அமைக்கப்பட்டுள்ளது. அதே மாவட்டத்தின் அலாங்கில், உடைப்பதற்காகக் கொண்டுவரப்படும் கப்பல்கள் உயர் ஓதத்தின்போது கரையேற்றப்படுகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு தாழ் ஓதத்திற்கும் அடுத்த உயர் ஓதத்திற்கும் இடையே சுமார் 6 மணி 12 நிமிட இடைவெளி உண்டு. நாள்தோறும் இந்நேரங்கள் ஏறக்குறைய 50 நிமிடங்கள் தள்ளிப்போகும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாள்களில் வேறுபாடு மிகுதியாகவும், அரை நிலவு நாள்களை ஒட்டிக் குறைவாகவும் இருக்கும்.

பன்னிரண்டில் ஒரு பங்கு விதி

நீர் ஒரே சீராக உயர்வதில்லை. மொத்த உயர்வை 12 பங்காகப் பிரித்தால், 6 மணி நேரத்தில் முறையே 1, 2, 3, 3, 2, 1 பங்கு உயரும் என்பது மாலுமிகள் பின்பற்றும் தோராயக் கணக்கு.

எடுத்துக்காட்டாக, தாழ் ஓதம் 0.9 மீட்டர், உயர் ஓதம் 10.5 மீட்டர் என்க. வேறுபாடு 9.6 மீட்டர், ஒரு பங்கு 0.8 மீட்டர். வழியில் உள்ள சேற்றுத்திட்டு, கடல் வரைபடத்தின் அடிப்படை மட்டத்திற்கு மேல் 2 மீட்டர் உயர்ந்துள்ளது. படகு நீருக்குள் அமிழும் ஆழம் 1.5 மீட்டர். பாதுகாப்பு இடைவெளி 1 மீட்டர். ஆக, ஓதம் 4.5 மீட்டரை எட்டினால்தான் திட்டைக் கடக்க இயலும்.

அதற்கு நீர் 3.6 மீட்டர் உயர வேண்டும். முதல் இரண்டு மணி நேரத்தில் 2.4 மீட்டரும், அடுத்த அரை மணி நேரத்தில் 1.2 மீட்டரும் உயரும். எனவே, தாழ் ஓதத்திலிருந்து இரண்டரை மணி நேரம் கழித்து வழி திறக்கும்; உயர் ஓதத்திற்குப் பின் மூன்றரை மணி நேரத்தில் மூடிவிடும்.

ஏழு மணி நேரமும் பயன்படாது

மொத்தம் 7 மணி நேரம் வழி திறந்திருப்பதாகத் தோன்றினாலும், உயர் ஓதத்திற்கு முந்தைய மூன்றரை மணி நேரமே நம்பத்தக்கது. நீர் ஏறும்போது படகு தரைதட்டினால், சிறிது நேரத்தில் அதுவே மிதந்துவிடும். நீர் வடியும்போது தட்டினால் அடுத்த ஏற்றம் வரை காத்திருக்க வேண்டும். படகு ஒருபுறம் சாய்ந்து, திரும்பி வரும் நீர் உள்ளே புகும் அபாயமும் உண்டு. நீர் வேகமாக வடியும் நேரத்தில் 15 நிமிடத் தாமதம் 60 சென்டிமீட்டர் ஆழத்தைக் குறைத்துவிடும்.

அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய மிக உயர்ந்த ஓதத்தின் உச்சத்தில் தரைதட்டுவது இன்னும் கடுமையானது. அடுத்தடுத்த ஏற்றங்கள் தாழ்ந்துகொண்டே செல்வதால், ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வரை படகு அங்கேயே சிக்கிக்கொள்ள நேரிடலாம்.

நீரோட்டமும் வண்டலும்

மணிக்கு 16 கி.மீ. வேகமுள்ள படகு, 8 கி.மீ. வேக நீரோட்டத்துடன் சென்றால் 48 கி.மீ. தூரத்தை 2 மணி நேரத்தில் கடக்கும். எதிர்த்துச் சென்றால் 6 மணி நேரம் ஆகும். அதற்குள் சேருமிடத்தின் வழி மூடிவிடலாம். நீரோட்டத்திற்கு எதிராகக் காற்று வீசினால் அலைகள் செங்குத்தாக எழும் என்பதால், வானிலை முன்னறிவிப்பையும் பார்ப்பது அவசியம்.

கடலடித் தரையும் மாறக்கூடியது. கோகா - தாஹேஜ் இடையே 2017 அக்டோபரில் படகுச் சேவை தொடங்கப்பட்டது. தாஹேஜ் முனையம் அருகே வண்டல் படிந்து ஆழம் குறைந்ததால் அச்சேவை தடைபட்டது. பின்னர் 2020 நவம்பர் 8-ஆம் தேதி கோகா - ஹஜிரா சேவை தொடங்கியது. சாலை வழியில் சுமார் 370 கி.மீ. ஆக இருந்த தூரம், கடல் வழியில் 90 கி.மீ. ஆகக் குறைந்தது.

புறப்படும் முன்...

இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில், செல்லும் இடத்திற்குரிய நேரத்தைப் பார்க்க வேண்டும். வளைகுடாவின் உட்பகுதியில் ஏற்றமும் இறக்கமும் ஒரே கால அளவில் நிகழ்வதில்லை என்பதால், தோராய விதியை மட்டும் நம்பலாகாது. காற்றும் காற்றழுத்தமும் அட்டவணையில் உள்ள அளவை மாற்றக்கூடும். தேசிய நீர்நிலவரைவு அலுவலகத்தின் அண்மைக்கால வரைபடத்தைப் பயன்படுத்துவது நன்று.

எந்த நேரத்திற்குள் திட்டைக் கடக்காவிட்டால் திரும்புவது, அல்லது ஆழமான நீரில் நங்கூரமிட்டுக் காத்திருப்பது என்பதைக் கரையிலேயே முடிவு செய்து, பயண விவரத்தை ஒருவரிடம் தெரிவித்துச் செல்ல வேண்டும். ஆபத்து நேர்ந்தால் இந்தியக் கடலோரக் காவல்படையை 1554 என்ற எண்ணில் அழைக்கலாம்.